மஞ்சள் கோட்டை எங்கே போடுவது? வளர்ச்சி அட்டைக்குள் இருக்கிற கணக்கு



மாதா மாதம் பால்வாடியில் நம்ம பிள்ளைகளுக்கு எடை போடுகிறார்கள். டீச்சர் அட்டையில் ஒரு புள்ளி வைக்கிறார். இப்போது செல்போனில் போஷன் டிராக்கரிலும் பதிகிறார். புள்ளி பச்சையில் விழுந்தால் நமக்கு நிம்மதி. மஞ்சளில் விழுந்தால் வீடு வந்து சேர்வதற்குள் ஆயிரம் யோசனை. ஆரஞ்சில் விழுந்தால் நர்சம்மா வீடு தேடி வருவார். ஆனால் இந்த மூன்று நிறத்தையும் பிரிக்கிற கோட்டை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள்? ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு 7 கிலோவில் மஞ்சள் கோடு இருக்கிறது. ஏன் ஏழரையில் இல்லை? ஏன் ஆறரையில் இல்லை?

குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு பதில்தான் கிடைக்கும். "அது வெள்ளைக்காரப் பிள்ளைக்குப் போட்ட கோடு, நம்ம பிள்ளைக்கு ஒத்து வராது" என்பது ஒன்று. "எங்க வம்சமே சின்ன உடம்பு, இவ அப்பனும் சின்னதுல இப்படித்தான் இருந்தான்" என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பெரும்பாலும் மாமியார்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. எவ்வளவு உண்மை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மாதச் சந்தா, கடன், வட்டி என்று பேரேடு எழுதுகிற நமக்கு இது பெரிய வித்தை இல்லை.

முதலில் ஒரு பூக்கணக்கு

இரண்டு மல்லிகைத் தோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தோட்டத்தில் ஐந்து நாள் பறித்த பூ 7, 9, 10, 11, 13 கிலோ. இரண்டாவது தோட்டத்தில் 4, 8, 10, 12, 16 கிலோ. கூட்டிப் பாருங்கள், இரண்டுமே 50 கிலோ. ஒரு நாள் சராசரி இரண்டுக்குமே 10 கிலோ. ஆனால் தோட்டக்காரிக்கு இரண்டும் ஒன்றா? முதல் தோட்டத்தில் நாளைக்கு எத்தனை ஆள் பறிக்கக் கூப்பிடுவது என்று ஓரளவு தெரியும். இரண்டாவதில் ஒரு நாள் ஆள் சும்மா நிற்கும், ஒரு நாள் ஆள் பத்தாது. சராசரி மட்டும் தெரிந்தால் போதாது. சராசரியிலிருந்து எவ்வளவு விலகி விலகிப் போகிறது என்பதும் தெரிய வேண்டும்.

அந்த விலகலை இப்படிக் கணக்குப் போடுவார்கள். முதல் தோட்டத்தில் பத்திலிருந்து ஒவ்வொரு நாளும் விலகியது 3, 1, 0, 1, 3. ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கினால் 9, 1, 0, 1, 9. கூட்டினால் 20. ஐந்து நாளால் வகுத்தால் 4. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 4 வரும்? 2. இரண்டாவது தோட்டத்துக்கு விலகல் 6, 2, 0, 2, 6. பெருக்கினால் 36, 4, 0, 4, 36. கூட்டினால் 80, வகுத்தால் 16, அதன் மூலம் 4. முதல் தோட்டத்துக்கு 2 கிலோ, இரண்டாவதற்கு 4 கிலோ. இதற்குப் பெயர் திட்ட விலக்கம். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் இருக்கிறது, வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். (அப்படியே கூட்டாமல் ஏன் பெருக்குகிறார்கள்? மேலே போனதும் கீழே போனதும் ஒன்றை ஒன்று தின்றுவிட்டுக் கடைசியில் பூஜ்யம் வந்து நிற்கும், அதனால்தான்.)

திட்ட விலக்கம் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னால் வாய் வலிக்கும். இனிமேல் 'படி' என்று சொல்லிக்கொள்வோம். நடுவிலிருந்து ஒரு படி கீழே, இரண்டு படி கீழே என்று.

மணி போல ஒரு குவியல்

இப்போது நல்ல ஆரோக்கியமாக வளர்கிற ஒரு வயதுப் பெண் குழந்தைகள் 1000 பேரின் உயரத்தை அளப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடு உயரம் 74 சென்டிமீட்டர். ஒரு படி சுமார் 2.6 சென்டிமீட்டர். 66 சென்டிமீட்டர் உள்ள பிள்ளைகளை ஓர் இடத்தில், 67 உள்ளவர்களை அதற்கு அடுத்து, 68 அதற்கு அடுத்து என்று வரிசை கட்டினால், 73, 74, 75 பக்கம் கூட்டம் நெருக்கும். 66 பக்கமும் 82 பக்கமும் ஒன்றிரண்டு பேர்தான் நிற்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கோயில் மணி தொங்குவது போல வடிவம். நடுவில் உயரம், இரண்டு பக்கமும் சரிவு.

ஏன் இப்படி? உயரம் ஒரே ஒரு காரணத்தால் வருவதில்லை. அம்மா வழி, அப்பா வழி, பிறந்த எடை, இடையில் வந்த காய்ச்சல் என்று எத்தனையோ சின்னச் சின்னக் காரணங்கள். ஒன்று கூட்டும், ஒன்று குறைக்கும். எல்லாமே சேர்ந்து குறைப்பது அபூர்வம், எல்லாமே சேர்ந்து கூட்டுவதும் அபூர்வம். இந்த வடிவத்தைக் கணக்கில் இயல்நிலைப் பரவல் என்கிறார்கள்.

இந்த மணியின் விசேஷம் என்னவென்றால், நடுவும் படியும் தெரிந்துவிட்டால் போதும், எந்த இடத்துக்குக் கீழே எத்தனை பேர் என்று ஒவ்வொருவராக எண்ணாமலே சொல்லிவிடலாம். நடுவிலிருந்து இந்தப் பக்கம் ஒரு படி, அந்தப் பக்கம் ஒரு படி, அதாவது 71.4க்கும் 76.6க்கும் இடையில் 1000க்கு சுமார் 683 பேர். இரண்டு படி வரைக்கும் போனால், சுமார் 69லிருந்து 79 வரை, 954 பேர். மூன்று படி வரைக்கும் 997 பேர் அடங்கிவிடுவார்கள்.

மிச்சத்தைப் பாருங்கள், அதில்தான் நம்ம விஷயம் இருக்கிறது. இரண்டு படிக்கு வெளியே 46 பேர். அதில் பாதி நெட்டை, பாதி குட்டை. ஆகவே நடுவிலிருந்து இரண்டு படிக்கும் கீழே இருப்பவர்கள் 23 பேர். மூன்று படிக்கும் கீழே இருப்பவர் ஆயிரத்துக்கு ஒருவர்தான்.

இரண்டாம் படியில் போட்டதுதான் மஞ்சள் கோடு. மூன்றாம் படியில் போட்டது ஆரஞ்சு. கோட்டுக்குப் பின்னால் இருக்கிற கணக்கு இவ்வளவுதான். நல்லா வளர்கிற பிள்ளைகளிலும் 1000க்கு 23 பேர் இயற்கையாகவே மஞ்சள் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். அதற்கு மேல் போனால் ஏதோ சரியில்லை.

எதற்கெடுத்தாலும் இந்த மணியைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மல்லிகை விலை மணி போல நிற்காது. முகூர்த்த நாளில் எங்கேயோ ஏறிவிடும், ஆனால் எவ்வளவு இறங்கினாலும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. ஒரே பக்கம் வால் நீண்டு போகும். குழுக் கடன் தொகையும் அப்படித்தான். குழந்தையின் எடையிலும் அந்தச் சாய்வு கொஞ்சம் உண்டு. ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு நடு எடை 8.9 கிலோ. கீழே ஒவ்வொரு படியாக 7.9, 7.0, 6.3. மேலே 10.1, 11.5. மேலே ஏறும் படி பெரிதாகவும் கீழே இறங்கும் படி சின்னதாகவும் இருக்கிறது பாருங்கள். குண்டாகிக்கொண்டே போகலாம், மெலிவதற்கு ஓர் அளவு உண்டு. அட்டை தயாரித்தவர்கள் இந்தச் சாய்வைச் சரிசெய்துதான் கோடு போட்டிருக்கிறார்கள். அதனால் எடையிலும் இரண்டாம் படிக்குக் கீழே அதே 23தான்.

பையனுக்கு அதே வயதில் மஞ்சள் கோடு 7.7 கிலோ. பெண்ணுக்கு 7.0. "பொம்பளைப் பிள்ளைன்னா கோட்டுலயும் குறைச்சலா?" என்று கேட்கத் தோன்றும். இது ஓரவஞ்சனை இல்லை. பெண் குழந்தைகளின் மணியே கொஞ்சம் இடப்பக்கம் நிற்கிறது. அதனால்தான் இளஞ்சிவப்பு அட்டை வேறு, நீல அட்டை வேறு. அட்டை மாறினால் நிறமும் மாறும், கவனம்.

அது யார் பிள்ளைகளை அளந்து போட்டது?

முதல் கேள்விக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் ஆக்ரா, நார்வேயில் ஆஸ்லோ, ஓமனில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ், இந்தியாவில் நம்ம டெல்லி. தாய்ப்பால் குடித்த, தடுப்பூசி போட்ட, வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லாத, அம்மா புகை பிடிக்காத குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006ல் அளவுகோல் வெளியானது. இந்தியாவில் 2008ல் அங்கன்வாடிகளுக்கு இதையே எடுத்துக்கொள்வது என்று முடிவானது.

அந்த ஆய்வில் தெரிந்த பெரிய விஷயம் இது. உயரத்தில் இருந்த மொத்த வித்தியாசத்தில் நாட்டுக்கு நாடு இருந்தது நூற்றில் சுமார் 3 பங்குதான். பிள்ளைக்குப் பிள்ளை இருந்ததுதான் சுமார் 70 பங்கு. டெல்லிப் பிள்ளையும் ஆஸ்லோ பிள்ளையும் நல்ல சாப்பாடும் சுத்தமான வீடும் கிடைத்தால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். எல்லோரும் இதை ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா, இந்த அளவுகோல் இந்தியக் குழந்தைகளுக்குப் பொருந்தாது, குறையைக் கூட்டிக் காட்டுகிறது என்று 2013ல் எழுதினார். பலர் மறுத்தும் எழுதினார்கள். எனக்கு மறுத்தவர்கள் சொல்வதே நியாயமாகப் படுகிறது. அளந்த பிள்ளைகளில் நம்ம நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்களே!

2008க்கு முன்னால் பால்வாடி அட்டையில் கிரேடு என்று போடுவார்கள். முதல் கிரேடு, இரண்டாம் கிரேடு என்று கேட்டது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். அப்போது படிக்கணக்கு கிடையாது, சதவீதக் கணக்கு. இருக்க வேண்டிய எடையில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சரி, அதற்குக் கீழே இறங்கினால் கிரேடு. இதில் என்ன கோளாறு? ஒரு வயதுப் பெண்ணின் நடு எடை 8.9 கிலோ. அதில் 80 சதவீதம் 7.1 கிலோ. மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில்தான் வருகிறது, பரவாயில்லை. அதே 80 சதவீதத்தை உயரத்துக்குப் போடுங்கள். 74ல் 80 சதவீதம் சுமார் 59 சென்டிமீட்டர். நடுவிலிருந்து ஐந்தரைப் படிக்கும் கீழே! ஒரு வயதில் 59 சென்டிமீட்டரில் ஒரு பிள்ளையைப் பார்ப்பதே அரிது. உயரம் குன்றிய பிள்ளைகள் எல்லோருமே 'சரி' என்று கணக்கில் போய்விடுவார்கள். எடைக்கும் உயரத்துக்கும், ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் ஒரே கண்டிப்போடு கோடு போட வேண்டுமானால் படிக்கணக்குதான் சரிப்படும்.

மாமியார் சொல்வது எவ்வளவு உண்மை?

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழே எடை குறைந்த குழந்தைகள், அதாவது எடையில் இரண்டாம் படிக்குக் கீழே இருப்பவர்கள், 22 சதவீதம். வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 25 சதவீதம். இந்தியா முழுக்க எடுத்தால் எடைக்குறைவு 32.1, உயரக்குறைவு 35.5 சதவீதம். நாம் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மணியோடு வைத்துப் பாருங்கள்.

நம்ம மாநிலத்தில் எடை குறைந்தவர்கள் 1000க்கு 220 பேர். இயற்கையாகச் சின்ன உடம்பாக இருக்கக்கூடியவர்கள் 23 பேர். அப்படியானால் மஞ்சளிலோ ஆரஞ்சிலோ இருக்கிற பத்துப் பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்குத்தான் "வம்சம்" என்ற பதில் பொருந்தும். மற்ற ஒன்பதுக்கும் வேறு காரணம் தேட வேண்டும். வம்சத்தையே எடுத்துக்கொண்டாலும், பாட்டியும் அம்மாவும் வளர்கிற வயதில் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு, எடை குறைந்த பிள்ளையைப் பெற்றது அந்தக் கணக்கில் சேருமா சேராதா?

இன்னொன்று. இது கொஞ்சம் சிக்கலானது, பொறுமையாகப் படியுங்கள். 220 பேர் கோட்டுக்குக் கீழே போனார்கள் என்றால், அந்த 220 பேர் மட்டும் மணியிலிருந்து உருண்டு விழுந்தார்கள் என்று அர்த்தமில்லை. மணியே நகர்ந்திருக்கிறது. மணி முழுக்க ஒரு படி இடப்பக்கம் நகர்ந்தால் என்ன ஆகும்? புது நடுவுக்கும் மஞ்சள் கோட்டுக்கும் இடையில் ஒரே ஒரு படிதான் இருக்கும். நடுவிலிருந்து ஒரு படிக்குக் கீழே இருப்பவர்கள் எத்தனை பேர்? ஒரு படிக்குள் 683 போக மிச்சம் 317, அதில் பாதி, சுமார் 159. நமக்கு வந்திருப்பது 220. ஆகவே மணியின் அகலம் மாறாமல் இருந்தால், அது ஒரு படிக்கும் மேலேயே நகர்ந்துவிட்டது. (நல்லா சாப்பிடுகிற பிள்ளையும் சத்தில்லாத பிள்ளையும் ஒரே ஊரில் இருப்பதால் மணி கொஞ்சம் அகலமாகவும் ஆகியிருக்கும். அதனால் இது தோராயக் கணக்குதான்.)

மணியே நகர்ந்தால் பச்சையில் இருக்கிற பிள்ளைகளும் சேர்ந்துதான் நகர்ந்திருக்கிறார்கள். 8.9 கிலோ இருந்திருக்க வேண்டிய பெண் குழந்தை 7.9 கிலோவில் நிற்கிறாள். அட்டையில் பச்சை. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு கிலோ போயிருக்கிறது. மஞ்சள் பிள்ளைக்கு மட்டும் கவனிப்பு, பச்சைக்குத் தேவையில்லை என்று நாம் பழகிவிட்டோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

அதற்காகப் பச்சையில் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற பிள்ளையைப் பார்த்து அழவும் வேண்டாம். நல்லா வளர்கிற பிள்ளைகளிலும் பாதிப் பேர் நடுக்கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு கிலோ அதிகம் என்பதால் நம்ம பிள்ளை நோஞ்சான் ஆகிவிடாது. ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி போதாது. மூன்று நான்கு மாதப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். மஞ்சளுக்குள்ளேயே அட்டைக் கோட்டோடு ஒட்டி ஏறுகிற பிள்ளை, இயற்கையாகச் சின்ன உடம்பாக இருக்கலாம். பச்சையில் இருந்துகொண்டே மூன்று மாதமாக ஏறாமல் படுத்துவிட்ட பிள்ளையை உடனே நர்சம்மாவிடம் காட்டுங்கள்.

இந்த விஷயத்தில் நம்ம மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980ல் முதன்முதலாகத் தொடங்கியது கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதா மாதம் எடை போட்டார்கள். எடை சரியாக ஏறாமல் நின்ற பிள்ளைக்குச் சத்துருண்டை கொடுத்து, ஏறத் தொடங்கியதும் நிறுத்தினார்கள். பிள்ளை எங்கே நிற்கிறது என்பதோடு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்த்த திட்டம். ஊர்களில் பெண்கள் பணிக்குழு அமைத்தும் வேலை செய்தார்கள். நம்ம குழுக்களுக்கு அது அக்கா முறை என்று சொல்லலாம்.

நம்ம ஊரில் எண்ணிப் பார்ப்பது எப்படி?

ஒரு பால்வாடியில் 40 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1000க்கு 23 என்றால் 40க்கு ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. ஆக ஒரு பிள்ளை மஞ்சளில் இருந்தால் அது இயற்கை. இரண்டு இருந்தாலும் தற்செயலாக இருக்கலாம். சின்ன எண்ணிக்கையில் அப்படி ஆடத்தான் செய்யும். நாலு, ஐந்து என்று போனால் தற்செயல் என்று சொல்வது கஷ்டம். ஒன்பது பேர் இருந்தால், அது மாநில அளவையும் தொடுகிறது. அப்போது ஒவ்வொரு அம்மாவையும் தனித்தனியாக "நீ சரியா ஊட்டலை" என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. ஒன்பது வீட்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குடிதண்ணீரா? அடிக்கடி வயிற்றுப்போக்கா? அம்மாக்கள் விடிகாலையில் பூப்பறிக்கவோ நூறு நாள் வேலைக்கோ போய்விட, காலைச் சாப்பாடு தவறுகிறதா? ஆறு மாதத்துக்கு மேல் வெறும் கஞ்சித் தண்ணியோடு நிற்கிறதா? கர்ப்பத்திலேயே இரத்தசோகையா?

எண்ணுவதற்கு முன் அளவு சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா, பிள்ளைக்குக் கனமான துணி, கொலுசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றைவிட முக்கியம் வயது. 6.9 கிலோ உள்ள பெண் குழந்தைக்குப் பன்னிரண்டு மாதம் என்றால் மஞ்சள். தவறுதலாகப் பத்து மாதம் என்று எழுதினால் பச்சை, ஏனென்றால் பத்து மாதத்துக்குக் கோடு 6.7 கிலோ. பிறந்த தேதியைத் தாய் சேய் அட்டையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள், வாய்க்கணக்கு வேண்டாம்.

ஆரஞ்சில் உள்ள பிள்ளைக்கு இந்த எண்ணிக்கைப் பேச்சே வேண்டாம். ஆயிரத்தில் ஒன்றுதான் இயற்கை என்பதால், இயற்கையாக இருக்கும் என்று காத்திருப்பது ஆபத்து. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். 2022ல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனையும் தனிச் சத்துணவும் உண்டு. டீச்சரிடம் கேட்டுப் பெறலாம்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுப் பிரதிநிதியும் உங்கள் ஊர் பால்வாடியில் நான்கு எண்களை மட்டும் கேட்டு எழுதி வாருங்கள்: எடை போட்ட பிள்ளைகள் எத்தனை, பச்சை எத்தனை, மஞ்சள் எத்தனை, ஆரஞ்சு எத்தனை. பிள்ளைகளின் பெயர் வேண்டாம், அது அந்த வீட்டு விஷயம். மஞ்சளையும் ஆரஞ்சையும் கூட்டி 1000ஆல் பெருக்கி, எடை போட்ட எண்ணிக்கையால் வகுத்து, 23க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லா ஊர்க் கணக்கையும் சேர்த்து ஆறு மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை எடுப்போம். கிராம சபையில் குடிதண்ணீருக்கோ பால்வாடிக் கட்டடத்துக்கோ மனு கொடுக்கும்போது அந்த இரண்டு எண்களையும் மனுவிலேயே எழுதிவிடலாம்.